முருகைக்கல்லில் எத்தனை குடி?

நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த நாள், வழக்கம்போல ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு பாசிக்குடாவுக்குப் போனோம். எழுவான்கரை ஊர்களில் பெருநாளைக்குப் பாசிக்குடா பார்க்காத குடும்பம் குறைவு. கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லை, பெரிய அலையும் இல்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் பயமில்லாமல் சோற்றுப் பொதியை அவிழ்க்கலாம். அந்த அமைதியில் வெளியே நிற்கும் முருகைக்கற்களுக்கும் பங்குண்டு என்பது சாப்பிடும் நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

என் இளைய மகள் கரையில் பொறுக்கிய வெள்ளைத் துண்டொன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். விரல் மொத்தம் இருக்கும். மேலெல்லாம் ஊசியால் குத்தியது போலத் துளைகள்.

"உம்மா, இது கல்லா, எலும்பா?"

"ரெண்டுந்தான் மகள்" என்றேன். உயிரியல் படிப்பிக்கிறவளுக்கு அது கஷ்டமான கேள்வியில்லை. அடுத்து அவள் கேட்டதற்குத்தான் உடனே பதில் வரவில்லை.

"அப்ப இது என்ன வருத்தம் வந்து மௌத்தாப் போச்சு?"

அன்று அவளுக்குச் சொன்னது அரைகுறைப் பதில். மீதியை இந்த மலரில் எழுதுகிறேன். உயர்தர மாணவிகளுக்குப் பாடத்தோடு சேர்ந்து உதவும். பெற்றோரும் வாசித்தால் நல்லது, ஏனென்றால் பதிலில் ஒரு பகுதி நமது வீட்டு முற்றத்தில் இருந்து தொடங்குகிறது.

முருகைக்கல் என்று நாம் சொல்வது கல்லும் அதைக் கட்டிய விலங்கும் சேர்ந்தது. கடுகளவு, உளுந்தளவு உள்ள மென்மையான சிறு விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஒட்டி வாழ்ந்து, தமக்குக் கீழே சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன. மகள் பொறுக்கிய துண்டின் ஒவ்வொரு துளையும் ஒரு விலங்கு இருந்த அறை. அந்த விலங்கின் கலங்களுக்குள் சூசாந்தெல்லா என்ற நுண்ணிய அல்கா குடியிருக்கிறது. அது சூரிய ஒளியில் ஒளித்தொகுப்புச் செய்து, தான் ஆக்கும் உணவில் பெரும் பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். முருகைக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைக்கலாம். நாம் காணும் மண்ணிறமும் பச்சையும் பெரும்பாலும் இந்த அல்காவின் நிறந்தான். கடல் வழமையை விடச் சூடேறினால் இந்தக் கூட்டு முறிகிறது. அல்கா வெளியேற, கண்ணாடி போன்ற தசையூடாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய முருகை உடனே இறந்துவிடுவதில்லை, ஆனால் பட்டினி கிடக்கிறது.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. அங்கே அதிகம் பேசப்படாத மூன்றாவது கூட்டாளி பற்றீரியா.

முருகை தன் உடலின் மேல் எப்போதும் மெல்லிய சீதப் படலம் ஒன்றைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தப் படலத்திலும், அதன் கீழுள்ள தசையிலும், சுண்ணாம்புக்குள்ளும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. நகத்தளவு இடத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். இவை கடல்நீரில் மிதந்து வந்து தற்செயலாக ஒட்டிக்கொண்டவை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பொரெஸ்ட் ரோவர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. பக்கத்தில் பக்கத்தில் வளரும் இரு வேறு முருகை இனங்களில் வெவ்வேறு பற்றீரியாக்கள் இருந்தன. ஆனால் ஒரே இன முருகைகள் 3000 கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் அவற்றின் பற்றீரியாக்கள் ஒத்திருந்தன. அயலவராக இருந்தும் ஆட்கள் வேறு, தூரத்திலிருந்தும் ஆட்கள் ஒன்று.

எங்கள் பகுதியில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். தாய்வழியாக வரும் குடிமுறை நமக்குப் புதிதல்ல. ஒரே ஒழுங்கையில் நாலு குடியினர் இருப்பார்கள், ஒரே குடியினர் நாலு ஊரில் இருப்பார்கள். பழைய பள்ளிவாசல் நிர்வாகங்களில் குடிக்கொரு மரைக்கார் இருந்து ஊர்க் காரியம் பார்த்ததை மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். முருகையும் அப்படிப் பல குடிகள் கூடிய ஊர். விலங்கு ஒரு குடி, அல்கா ஒரு குடி, பற்றீரியாவில் நூற்றுக்கணக்கான குடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சில, நீரில் கரைந்துள்ள நைதரசன் வாயுவை அல்காவுக்குப் பயன்படும் சேர்வையாக மாற்றிக் கொடுக்கும். சில, கழிவைச் சிதைத்துத் திரும்பவும் உணவாக்கும். இன்னும் சில, நுண்ணுயிர்க்கொல்லிப் பொருட்களைச் சுரந்து அந்நியப் பற்றீரியாக்களை அண்டவிடாமல் வைத்திருக்கும். வேறெதுவும் செய்யாமல் சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவையும் உதவிதான், புதிதாக வருபவர் உட்கார இடமிராது.

சுற்றாடல் மாறும்போது இந்த ஊர் நிர்வாகம் என்னவாகும்? அதற்கு நமது வீட்டுத் தயிர்ச் சட்டியை நினைத்துப் பாருங்கள். எருமைப் பாலில் இடும் உறை ஒன்றுதான். இதமான சூட்டில் இரவு போட்டால் காலையில் கட்டித் தயிர். வாடைக்காற்று அடிக்கும் மார்கழிக் குளிரில் அதே உறை சோம்பிக் கிடக்கும். கொதிக்கும் வெயிலில் வைத்தால் புளித்து நீர்விடும். சட்டியும் பாலும் மாறவில்லை, சூடு மாறியது, அதனால் எது எவ்வளவு வேகத்தில் பெருகுகிறது என்பது மாறியது. முருகையின் சீதப் படலத்திலும் நடப்பது இதுதான், என்ன, அங்கே உறைகள் நூற்றுக்கணக்கில்.

இதைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வு மத்தியதரைக் கடலில் நடந்தது. இஸ்ரேல் கரையோரம் ஒகுலினா என்ற முருகை ஒவ்வொரு கோடையிலும் வெளிறி, குளிரில் மீண்டு வந்தது. 1996 இல் அந்நாட்டு ஆய்வாளர்கள், விப்ரியோ ஷிலோய் என்ற பற்றீரியாவே காரணம் என்று அறிவித்தார்கள். விப்ரியோ என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. கொலரா என்ற வாந்திபேதியைத் தருவதும் அதே சாதியில் வேறோர் இனம். அந்த ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை ஒன்றுண்டு. 16 பாகை செல்சியஸில் வளர்த்த பற்றீரியா முருகையில் ஒட்டவே இல்லை. 25 பாகையில் வளர்த்த அதே பற்றீரியா இறுக ஒட்டிக்கொண்டது. முருகை இருந்த தண்ணீர் குளிரா சூடா என்பது பொருட்டாக இருக்கவில்லை. அதாவது சூடு இங்கே முருகையைப் பலவீனப்படுத்தியது என்பதை விட, பற்றீரியாவை வேறோர் ஆளாக மாற்றியது என்பதே சரி. குளிர்காலத்தில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் தேடினார்கள். முருகையைக் கடித்துத் தின்னும் மயிர்முட்கள் கொண்ட ஒரு கடற்புழுவின் உடலுக்குள் இருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விஞ்ஞானம் அப்படி நேர்கோட்டில் போவதில்லை. 2003 அளவில் அதே முருகை அதே பற்றீரியாவுக்கு மசிய மறுத்தது. முருகைக்கு நம்மைப் போல நோயெதிர்ப்புப் பொருள்களை நினைவில் வைத்துச் சுரக்கும் நிர்ப்பீடனம் இல்லை. ஆகவே அதன் பற்றீரியாக் குடிகள் மாறி, புதிய காவலர்கள் வந்திருக்க வேண்டும் என்று அதே ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். 2008 இல் வேறொரு குழு, வெளிறிய ஒகுலினாவை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்துவிட்டு, தசைக்குள் அந்தப் பற்றீரியாவையே காணோம், வெளிறலைத் தொடக்கி வைப்பது வெப்பம்தான் என்று மறுத்தது. இன்று பெரும்பாலானோர் ஏற்பது இதுதான்: பரந்த அளவிலான வெளிறலுக்கு முதற் காரணம் வெப்பமும் கடும் ஒளியும். பற்றீரியாவின் கை ஓங்குவது அதற்குப் பின்னர் வரும் நோய்களில். மாணவிகளே, பரீட்சையில் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பன்னிரண்டு வருட வாக்குவாதம் இருக்கிறது.

நமது இந்து சமுத்திரத்தில் இன்னும் தெளிவான சான்று கிடைத்தது. ஆபிரிக்கக் கரையிலுள்ள சன்சிபார் தீவின் முருகைக்கற்களிலிருந்து யாயெல் பென்ஹைம் என்ற பெண் ஆய்வாளரும் அவரது ஆசிரியர் யூஜின் ரோசன்பேர்க்கும் பிரித்தெடுத்தது விப்ரியோவில் இன்னோர் இனம். கோலிபிளவர் போலக் கொத்தாக வளரும் ஒரு முருகையை அது தாக்கும். அந்த முருகை இலங்கைக் கடலிலும் உண்டு. ஆய்வுகூடத்தில் 22 பாகைக்குக் கீழே எதுவும் நடக்கவில்லை. 24 முதல் 26 பாகையில் முருகை வெளிறியது. 27 முதல் 29 பாகையில் தசையே கரைந்து போனது. இந்த எண்களைப் பார்த்து, நமது கடல் வருடத்தில் பெரும்பகுதி 27 பாகைக்கு மேல்தானே, அப்படியானால் எல்லாம் கரைந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. நமது முருகைகள் அந்தச் சூட்டிலேயே பழகியவை, அவற்றின் காவற்குடிகளும் அப்படியே. ஆபத்து தொடங்குவது பழகிய உச்சத்துக்கு மேலே போகும்போது. வழமையான கோடை உச்சத்தை விட ஒரே ஒரு பாகை கூடி நாலைந்து வாரம் நின்றால் போதும்.

காவற்குடிகள் எப்போது கைவிடுகின்றன என்பதைப் புளோரிடாவில் கிம் ரிச்சி என்ற பெண் விஞ்ஞானி கண்டார். ஒருவகை மான்கொம்பு முருகையின் சீதத்தை எடுத்து, அதிலிருந்து வளர்த்த பற்றீரியாக்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை நுண்ணுயிர்க்கொல்லி சுரப்பதைக் காட்டினார். பிறகு 2005 கோடையில் கடும் வெளிறல் வந்தபோது மீண்டும் சீதம் எடுத்துப் பார்த்தார். அந்தக் காப்புச் சக்தி இல்லாமற் போயிருந்தது. காவலர்கள் குறைந்து விப்ரியோக்கள் மேலோங்கியிருந்தன. வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் என்று சொல்ல முடியாது, அவர்களில் பலர் முன்பும் அங்கே கொஞ்சமாக இருந்தவர்கள்தான். எனக்கு இதுதான் இந்த முழு விடயத்தின் சாரம். பற்றீரியாவில் நல்லவர், கெட்டவர் என்று பெயர்ப்பலகை இல்லை. எந்தச் சூட்டில், எந்தத் தண்ணீரில், எவ்வளவு தீனியோடு இருக்கிறார் என்பதே அவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இலங்கையில் சித்திரை, வைகாசி மாதங்களில் காற்று ஓய்ந்து கடல் சூடேறும். 1998 இல் அந்த மாதங்களில்தான் எல்நினோ வெப்பம் வந்து ஹிக்கடுவை உட்பட தெற்கு, மேற்குக் கரைகளின் முருகைகளைப் பெருமளவில் கொன்றது. திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு பெரும்பாலும் தப்பியது. 2016 இல் இலங்கைக் கடலில் மறுபடியும் வெளிறல். 2024 சித்திரையில், உலகளாவிய நாலாவது பெரும் வெளிறல் நடந்துகொண்டிருப்பதாகச் சர்வதேச நிறுவனங்கள் அறிவித்தன. இந்த வெப்பத்தை மட்டக்களப்பில் இருந்து நாம் குறைக்க முடியாது. உலகம் எரிக்கும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் நமது பங்கு மிகச் சிறிது.

ஆனால் தண்ணீர் வேறு கதை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். படுவான்கரை வயல்களின் நீர், எழுவான்கரை ஊர்களின் வடிகால், நகரத்தின் கழிவு எல்லாம் அதில்தான் சேரும். கோடையில் மணல்மேடு வாயை அடைத்துவிடும். வாடைக்கால மழையில் வாவி நிரம்பி வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரம் வெட்டுகிறார்கள். பாலமீன்மடுவில் அந்த நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தேயிலைச் சாயம் போன்ற நீர் கடலுக்குள் எவ்வளவு தூரம் நாக்கை நீட்டும் என்று. 2011 தை வெள்ளத்தைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பாசிக்குடா அந்த வாயிலிருந்து வடக்கே தள்ளி இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வாழைச்சேனை வாவி இதே வேலையைச் செய்கிறது.

அந்த நீர் கடலுக்கு மூன்று பொருள் கொண்டு போகிறது. ஒன்று நன்னீர். உவர்த்தன்மை திடீரென்று குறைந்தால் முருகை அதிகமாகச் சீதம் சுரந்து உரித்துத் தள்ளும், பழைய குடிகள் கலையும். இரண்டாவது வண்டலும் உரமும். உரம் கடற்பாசியை வளர்க்கும். பாசி வளர்ந்தால் என்ன, அதுவும் செடிதானே என்று எண்ணத் தோன்றும். பாசி ஒளித்தொகுப்பில் ஆக்கும் வெல்லப் பொருட்களில் ஒரு பகுதியைத் தண்ணீரில் கசியவிடுகிறது. அந்த இனிப்பைத் தின்று பற்றீரியாக்கள் பெருகி, இரவில் முருகையைச் சுற்றியுள்ள ஒட்சிசனைக் குடித்துத் தீர்க்கின்றன. பசிபிக் சமுத்திரத்தின் லைன் தீவுகளில் 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் வாழாத கிங்மன் திட்டை விட மனிதர் வாழும் கிரிற்றிமாற்றி தீவின் முருகைக்கற்களைச் சுற்றி நுண்ணங்கிகள் பத்து மடங்கு அதிகமாக இருந்தன. அங்கே முருகைகளில் நோயும் கூடவே இருந்தது. பாசியை மேயும் மீன்களைப் பிடித்துத் தீர்த்தாலும் இதே முடிவுதான்.

மூன்றாவது பொருளைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். புளோரிடாவில் அதே மான்கொம்பு முருகையில் வெண்திட்டு நோய் ஒன்று பரவியது. 2002 இல் அதற்குக் காரணமென்று கண்டது செரேசியா மார்செசென்ஸ் என்ற பற்றீரியா. அது மனிதக் குடலிலும் இருக்கும், வைத்தியசாலைகளில் நோயாளருக்குத் தொற்றும் கிருமியாகவும் டொக்டர்மாருக்குப் பழக்கமானது. 2011 இல் அந்த ஆய்வாளர்களே, மனிதக் கழிவுநீரில் இருந்து எடுத்த கிருமியை ஆய்வுகூடத்தில் முருகையில் இட்டு, அதே நோய் வருவதைக் காட்டினார்கள். மனிதரிடமிருந்து முதுகெலும்பில்லாத கடல் விலங்கொன்றுக்கு நோய் போனதற்கு அது முதற் சான்று. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் மலசலகூடத்துக்குக் குழிதான். மணல் நிலம், நாலைந்து முழத்தில் ஊற்று, மாரியில் அதுவும் மேலேறும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி விட வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்வதை நாம் கிணற்றுக்காகக் கேட்கிறோம். அந்த நிலத்தடி நீர் நம் கிணற்றோடு நின்றுவிடுவதில்லை, வாவிக்கும் கடலுக்கும் கசிகிறது.

இந்த இடத்தில் வாவிக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். அது கழிவைச் சுமந்து செல்லும் வாய்க்கால் மட்டுமில்லை, வடிகட்டியும்கூட. இந்தோனேசியாவில் ஒரு செயலமர்வுக்காக நாலு நாள் கடலில் இறங்கிய ஆய்வாளர்கள் அனைவருக்கும் வயிற்றோட்டம், ஒருவருக்கு நெருப்புக் காய்ச்சல். சுகமானதும் ஜொலியா லாம்ப் என்பவரும் தோழர்களும் அதையே ஆய்வாக்கினார்கள். கடற்புல் படுக்கை உள்ள இடங்களில், நோய் தரக்கூடிய பற்றீரியாக்கள் கடற்புல் இல்லாத இடங்களை விடப் பாதியாக இருந்தன. 8000 இற்கும் மேற்பட்ட முருகைகளைப் பார்த்ததில், கடற்புல்லுக்கு அருகே இருந்தவற்றில் நோயும் பாதிதான். 2017 இல் இது வெளியானது. நமது வாவியிலும் கடற்புல் உண்டு, கரையில் கண்டல் மரங்களும் உண்டு. கண்டல் வேர்கள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. காணி நிரப்புவதற்குக் கண்டலை வெட்டுகிறவர்கள் விறகு வெட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள்.

அதே லாம்ப் அடுத்த வருடம் வெளியிட்டது பிளாஸ்ரிக் பற்றி. ஆசிய பசிபிக் பகுதியின் 159 முருகைக்கல் திட்டுகளில் 124,000 முருகைகளைப் பார்த்தார்கள். பிளாஸ்ரிக் இல்லாத முருகைக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம், பிளாஸ்ரிக் சிக்கியதற்கு 89 சதவீதம். பிளாஸ்ரிக் உராய்ந்து காயப்படுத்தும், ஒளியை மறைக்கும், மூச்சு முட்ட வைக்கும். வேறிடத்துப் பற்றீரியாக்களும் அதில் ஏறி வரலாம். பெருநாளைக்கு மறுநாள் பாசிக்குடாக் கரையில் கிடக்கும் லஞ்ச் சீற்றையும் சொப்பிங் பேக்கையும் எண்ணத் தொடங்கினேன், நூறு வரவே விட்டுவிட்டேன். அதில் நாங்கள் கொண்டுபோனதும் இருந்தது.

மருந்து இல்லையா என்று மாணவிகள் கேட்பார்கள். பிரேசிலைச் சேர்ந்த ராக்கேல் பெய்சோட்டோ என்ற பெண் நுண்ணுயிரியலாளர், முருகையிலிருந்தே நல்ல குடிகளைத் தெரிந்தெடுத்து வளர்த்து, திரும்பவும் முருகைக்குக் கொடுத்துப் பார்க்கிறார். நாம் வயிறு குழம்பினால் தயிர் சாப்பிடுவது போல. 2021 இல் வெளியான அவர்களது சோதனையில் வெப்பத்தில் வாடிய முருகைகளின் பிழைப்பு 40 சதவீதம் கூடியது. இப்போது சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லாஹ் பல்கலைக்கழகத்தில் இருந்து செங்கடலின் உண்மையான திட்டிலேயே சோதிக்கிறார்கள். நம்பிக்கை தரும் வேலைதான். ஆனால் கிலோமீற்றர் கணக்கான திட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் யார் தயிர் ஊட்டுவது? அதே அழுக்குத் தண்ணீர் திரும்பவும் வந்தால், ஊட்டிய குடியும் கலைந்துதான் போகும். கல்குடாவுக்கு வடக்கே காயான்கேணி முருகைக்கற்களை 2019 இல் அரசு கடற் சரணாலயமாக அறிவித்தது. அறிவிப்பு வலையையும் நங்கூரத்தையும் ஓரளவு தடுக்கும். ஆற்றுநீர் பெயர்ப்பலகை வாசிக்காது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அந்தத் துண்டு என்ன வருத்தத்தில் மௌத்தானது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சூட்டில் பட்டினி கிடந்திருக்கலாம், பற்றீரியா தின்றிருக்கலாம், யாரோ மிதித்து முறித்திருக்கலாம். சில வேளை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. முருகைக்கல்லை வீட்டுக்கு எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். போடுவதற்கு முன் நகத்தால் ஒரு பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே வெளிர்பச்சையாக ஒரு படலம்.

"உம்மா, இதுக்குள்ள இப்ப ஆரு இருக்காங்க?"

"வேற குடி" என்றேன்.